சேர்த்துச் சேர்த்து அனுப்பியவர்

பெரிய ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றினாரா, கரைத்தாரா என்று யாராவது கேட்டால் என்னிடம் விடை இல்லை. நான் கணக்கு வாத்தி. விடை தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காத காரியம். அவரோடு வேலை செய்த காலமெல்லாம் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது.

பள்ளிக்கூடம் துறைமுகப் பக்கம் இருக்கிறது. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை மட்டும்தான். ஒரு நீளக் கட்டடம், ஒரு வேம்பு, ஒரு தண்ணீர்க் குழாய், இடிந்த மதில். டவுனில் திரிகிற மான்கள் அந்த மதிலால் உள்ளே வந்து பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போகும். மானையும் வரவு இடாப்பில் போட்டால் எண்ணிக்கை காணும் என்று எங்கள் அதிபர் பகிடி விடுவார். அந்தப் பகிடிக்குச் சிரிக்க எங்களுக்கு மனம் வராது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். இன்னும் குறைந்தால் டவுனில் உள்ள பெரிய பள்ளிக்கூடம் ஒன்றோடு எங்களை இணைத்துவிடுவார்கள் என்ற கதை நான் வந்த நாளிலிருந்தே உலவியது.

இணைத்தால் என்ன, நல்லதுதானே என்று என் ஊரான திரியாயிலிருந்து தம்பி ஒருமுறை கேட்டான். இணைத்தால் எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பெரிய வாசலைத் தாண்டமாட்டார்கள். மீன் வாடிக்குப் போவார்கள், தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்பார்கள். ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் எங்களிடமும் தாங்களாக வந்தவர்கள் இல்லை. பெரிய ரீச்சர் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

அவர் எங்கள் உப அதிபர். தமிழும் சமயமும் படிப்பிப்பார். சின்ன உருவம். கம்பி ஒன்று முறிந்து ஒரு பக்கம் சரிந்து நிற்கும் மண்ணிறக் குடை. வருடத் தொடக்கத்தில் அந்தக் குடையை விரித்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். எந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை நிற்கிறது என்று அவருக்கு எப்படியோ தெரியும். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள், பிள்ளை மாமி வீட்டில் நிற்கும். இந்தியாவில் அகதி முகாமில் பிறந்து, இங்கே திரும்பி வந்த பிள்ளை நிற்கும். படலைக்கு வெளியே நின்று ஒரே ஒரு வசனம்தான் சொல்லுவார்.

"வீட்டில நிண்டு என்ன செய்யப்போறாய்? வா."

பிள்ளை வந்துவிடும். நானும் அதே வசனத்தை ஒருமுறை ஒரு வீட்டு வாசலில் சொல்லிப் பார்த்தேன். அந்த வீட்டு நாய்தான் வந்தது.

எந்த வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் அவர் தெருத்தெருவாகத்தான் எண்ணுவார். "சல்லியால ரெண்டு பேர், கோயிலடி ஒழுங்கையால நாலு, துறைமுகத் தெருவால அஞ்சு" என்று விரலை மடக்குவார். ஆனால் மேலே கல்விக் கந்தோருக்கு அனுப்புகிற விவரத்துக்கு மதவாரியாகக் கேட்பார்கள். சைவம், கத்தோலிக்கம், இஸ்லாம் என்று கூடு கூடாகப் பிரித்துப் போடவேண்டும். அங்கேதான் ரீச்சர் மாட்டுவார். எங்களிடம் ஒரு பெடியன் இருந்தான். தகப்பன் கிண்ணியா, தாய் கத்தோலிக்கம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் நிற்பான், ஞாயிற்றுக்கிழமை தாயோடு தேவாலயத்தில் நிற்பான், எங்கள் சமயபாட நேரத்தில் தன் கூட்டாளி எந்த வகுப்போ அந்த வகுப்பில் நிற்பான். அவனை எந்தக் கூட்டில் போடுவது என்று ரீச்சர் அவனையே கேட்டார். அவன் நன்றாக யோசித்துவிட்டு, "எங்க ஆள் குறைவாக் கிடக்கோ, அங்க போடுங்கோ ரீச்சர்" என்றான். அவர் அப்படியே போட்டார்.

இப்படியாகச் சேர்த்த பிள்ளைகளை அவர் என்ன செய்தார் என்பதுதான் கதை.

சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்தில் சில பிள்ளைகள் பாடத்தைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வருவார்கள். வாசிப்பார்கள், கணக்குச் செய்வார்கள், கேள்வி கேட்பார்கள். எங்களுக்கும் அப்போதுதான் வகுப்புக்குப் போகச் சந்தோசமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து ரீச்சர் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவார்.

"இஞ்ச நிண்டு என்ன செய்யப்போறாய்? போ."

விடுகைப் பத்திரத்தைத் தானே எழுதி, அதிபரிடம் கையெழுத்து வாங்கி, பிள்ளையைத் தன் குடைக்குள் கூட்டிக்கொண்டு பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவார். வாசலில் வைத்துத் தலையை ஒருமுறை கையால் தடவிப் படிய வைத்து உள்ளே அனுப்பிவிட்டு, மணி அடிக்கும் வரைக்கும் வெளியில் நிற்பாராம். பிறகு வந்து, ஒன்றும் நடக்காதது போலத் தமிழ்ப் பாடம் எடுப்பார்.

எங்களுக்கு வயிறு எரியும். ஒருநாள் அதிபர் ஆசிரியர் அறையில் வைத்து வெடித்துவிட்டார்.

"ரீச்சர், நீங்கள் கொண்டு வாறது ஒரு கையால, கொண்டு போறது மற்றக் கையால. இப்பிடியே போனா நாளைக்கு நாங்கள் ஆருக்குப் படிப்பிக்கிறது?"

"சேர், இஞ்ச இங்கிலிசுக்கு ஆள் இல்லை. விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை. ஒன்பதோட முடிஞ்சுது. பத்தாம் தரத்தில போய் நிண்டா அங்க கடைசி வாங்குதான் கிடைக்கும். இப்பவே போனாத்தான் முன்னுக்கு இருக்கலாம்."

"அப்ப எங்களுக்கு ஆர் மிஞ்சுறது?"

"மிஞ்சுறவை மிஞ்சட்டும். அவைக்குத்தானே நாங்கள் இருக்கிறம்" என்றுவிட்டு ரீச்சர் பிளேன்டீயைக் குடித்தார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதிபர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நியாயமும் ஒரே மேசையில் இருந்து பிளேன்டீ குடித்தால் கேட்டுக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வது?

இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. ரீச்சரின் மகள் எங்களிடம்தான் படித்தாள். எங்கள் ஆசிரியர்களில் ஒருவருடைய பிள்ளையும் அங்கே இல்லை, அவளைத் தவிர. அன்புவழிபுரத்தில் தாயும் மகளும் மட்டும் உள்ள வீடு. கணவர் இல்லை. ஏன் இல்லை என்று எங்கள் ஊர்களில் கேட்கமாட்டோம், அவரும் சொன்னதில்லை. காலையில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நடந்து வருவார்கள், பின்னேரம் ஒரே குடைக்குள் போவார்கள். குடையின் சரிந்த பக்கத்தில் மகள்தான் வருவாள்; உயரமாக வளர்ந்துவிட்டதால் அவள் தலையில் அது இடிக்கும்.

ஊரார் பிள்ளைகளையெல்லாம் அனுப்புகிறவர் தன் பிள்ளையை ஏன் வைத்திருக்கிறார்? எண்ணிக்கைக்காக என்றார் ஒருவர். பாசம், விடமாட்டா என்றார் இன்னொருவர். ரீச்சரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்லுவார்.

"அவளுக்கு ஏறாது தம்பி. உங்கட பாடத்திலயே பாருங்கோ, பாதிக்கு மேல எடுக்கிறாளே? தையல் பழக விடலாமெண்டு ஒரு இடத்தில கதைச்சு வைச்சிருக்கிறன்."

பாதிக்கு மேல் அவள் எடுப்பதில்லைதான். எட்டாம் தரத்தில் அவள் மட்டும் இல்லை, ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி நடுவில் நின்றார்கள். வகுப்பில் விளங்குகிறதா என்றால் விளங்குகிறது என்பார்கள், சோதனை வைத்தால் கோட்டைவிடுவார்கள். என் படிப்பித்தலில்தான் பிழை என்று நினைத்து நான் பழைய பாடங்களை முதலிலிருந்து எடுத்தேன். இன்னும் மோசமானது.

ஒருநாள் இடைவேளைக்குக் கை கழுவத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். குழாயடிச் சீமெந்தில் ரீச்சரின் மகள் குந்தியிருந்து, சோக்கட்டியால் கோடு கோடாகப் போட்டு, இந்தியாவிலிருந்து வந்து அவள் வகுப்பில் சேர்ந்திருந்த ஒரு பெடியனுக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வகுப்பில் சொன்னதைவிட அழகாகச் சொன்னாள். அந்தக் கணக்கைத்தான் அதற்கு முதல்நாள் சோதனையில் அவள் பிழை விட்டிருந்தாள். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"அப்ப நேற்று என்ன நடந்தது?" என்றேன்.

அவள் எழும்பி, காலால் சோக்கை அழித்தாள். பதில் சொன்னது அந்தப் பெடியன். முகாமில் வளர்ந்த அவன் பேச்சு இன்னும் மாறவில்லை.

"நல்லா எழுதினா பெரிய டீச்சர் கூட்டிட்டுப் போயிடுவாங்க சார். அதனால நாங்க யாரும் எழுதறதில்ல."

"ஆர் நாங்கள்?"

"எல்லாரும்தான்."

நான் தலையில் கையை வைத்தேன். பெரிய வாசலுக்குப் போன பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இவர்களுக்கு அது வேறு கதை. நேற்று வரைக்கும் பக்கத்தில் இருந்தவன் இன்று இல்லை, அவ்வளவுதான். முகாமை விட்டு வந்தவனுக்கு, மாமி வீட்டிலிருந்து பெரியம்மா வீட்டுக்கு மாறி மாறி நின்றவளுக்கு, இன்னொரு முறை போ என்று யாரும் சொல்லக்கூடாது. அதற்கு ஒரே வழி கெட்டிக்காரராக இல்லாமல் இருப்பது. இதை எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்களா, ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகினார்களா என்று எனக்குத் தெரியாது.

"அவையள் சரி. நீ ஏன்?" என்று அவளைக் கேட்டேன். "உனக்கு அம்மா இருக்கிறாவே."

"நானும் போனா அம்மா ஆரோட வாறது?" என்றாள். பிறகு, "அம்மாவிட்டச் சொல்லாதேங்கோ சேர்" என்றாள்.

சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருப்பேன், கல்விக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வராவிட்டால்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அது. சனம் நாட்டை விட்டுப் போகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எண்ணிக்கை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விழுந்திருந்தது. வந்தவர் கெட்ட மனிதர் இல்லை. வகுப்பு வகுப்பாகப் போய்ப் பார்த்தார், உள்ளே நின்ற ஒரு மானை வெளியே கலைத்தார், கதிரையில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"பிள்ளையள் குறைவு எண்டது ஒரு பக்கம். புள்ளியும் இல்லை. ரெண்டும் இல்லாட்டி நான் என்னத்தைச் சொல்லி இதைத் திறந்து வைச்சிருக்கிறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். எட்டாம் தரத்துக்குக் கந்தோரிலிருந்து ஒரு சோதனை வரும், அதில் பிள்ளைகள் ஏதாவது காட்டினால் தான் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு ரீச்சரோடு நடந்தேன். மகள் சிநேகிதியோடு முன்னுக்குப் போய்விட்டாள். துறைமுகக் காற்று குடையை இழுத்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைகள் வேண்டுமென்றே பிழை விடுகிறார்கள், உங்களுக்குப் பயந்து விடுகிறார்கள், இனி ஒருவரையும் அனுப்பமாட்டேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் எழுதுவார்கள், பள்ளிக்கூடம் தப்பும்.

அவர் நடந்துகொண்டே கேட்டார். பிறகு, "என்ட பிள்ளையுமோ?" என்றார்.

"ஓம் ரீச்சர். அவதான் மற்றவைக்குச் சொல்லிக் குடுக்கிறவ."

நின்றுவிட்டார். பின்னால் வந்த ஓட்டோ ஹோர்ன் அடித்து விலகிப் போனது.

"தையலுக்கெல்லே கதைச்சு வைச்சிருக்கிறன்" என்றார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு தன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இவ்வளவு காலமும் எப்படித் தெரியாமல் இருந்தார் என்று எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்தநாள் எட்டாம் தரத்துக்கு வந்தார். மகள் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ரீச்சர் அவளைப் பார்க்கவில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"வாற சோதினையை ஒழுங்காச் செய்யுங்கோ. செய்யாட்டி இந்தப் பள்ளிக்கூடம் இருக்காது."

முகாம் பெடியன் எழும்பினான். "நல்லா எழுதினா எங்கள அனுப்புவீங்களா டீச்சர்?"

இல்லை என்று சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று நான் வாசலில் நின்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஓம், அனுப்புவன்" என்றார் ரீச்சர். "பொய் சொல்ல என்னால ஏலாது. நல்லாச் செய்யிற பிள்ளை இஞ்ச நிண்டு என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று முழுவதும் அவர் முகத்தில் முழிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடிந்தது என்றே நினைத்தேன். இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்று அதிபரிடம் சொல்லவும் செய்தேன்.

சோதனை நாள் வந்தது. வெளியாள் ஒருவர் வந்து வைத்துவிட்டு விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டு போனார். பெறுபேறு வந்தபோது அதிபர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு பள்ளிக்கூடத்தின் பெறுபேறு மாறி வந்துவிட்டதோ என்று என்னைக் கேட்டார். இல்லை, எங்களுடையதுதான். எல்லாருக்கும் மேலே ரீச்சரின் மகள்.

அனுப்புவேன் என்று சொல்லியும் ஏன் எழுதினீர்கள் என்று அந்தப் பெடியனைத் தனியாகக் கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தான்.

"மூடினா எல்லாரும் போகணும் சார். எழுதினா கொஞ்சப் பேர்தான் போகணும்."

கணக்கு வாத்தியாக இருந்து எனக்கு அது தோன்றவில்லை.

கந்தோர் ஐயா சொன்னபடி பேசினார். இப்போதைக்கு இணைப்பு இல்லை என்று அறிவித்தல் வந்தது. அதிபர் எல்லாருக்கும் பேக்கரியில் பணிஸ் வாங்கிக் கொடுத்தார். ரீச்சர் தன் பங்கைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார், சாப்பிடவில்லை. அந்த வாரமே மகளையும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப அவளின் விடுகைப் பத்திரம் எழுதவேண்டும். மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் தானே எழுதியவர், இதை என்னிடம் நீட்டினார்.

"என்ட எழுத்து இப்ப வடிவில்லை தம்பி. நீங்கள் எழுதுங்கோ."

எழுதினேன். மற்றப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். பெறுபேறு பார்த்தால் இன்னும் ஆறேழு பேர் போகவேண்டியவர்கள். "அவையை அடுத்த தவணைச் சோதினை பாத்திட்டு யோசிப்பம்" என்றார்.

மகளைப் பெரிய வாசலில் விட்டுவிட்டு அன்று அவர் பிந்தித்தான் வந்தார். குடை இல்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் தனியாக நடந்து வந்தார். குடையை மகளிடம் கொடுத்துவிட்டாராம். அவள் அழுதாளா என்று கேட்க வாய் வந்தது, விட்டுவிட்டேன். நேராக ஏழாம் தரத்துக்குப் போய்த் தமிழ்ப் பாடம் எடுத்தார். அன்றைக்கு அவர் குரல் அடுத்த அறையில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த தவணைச் சோதனை வந்தது. எட்டாம் தரத்து விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் தாள் பிழை. இரண்டாவதும் பிழை. கந்தோர்ச் சோதனையில் வெளுத்து வாங்கிய அதே பிள்ளைகள், ஒருவர் மிச்சமில்லாமல், பழையபடி நடுவில் வந்து நின்றார்கள். பெருக்கத் தெரிந்தவன் கூட்டியிருந்தான். கூட்டத் தெரிந்தவள் ஒன்றும் செய்யாமல் கேள்வியைத் திரும்ப எழுதியிருந்தாள். முகாம் பெடியன் பக்கத்தின் ஓரத்தில் ஒரு மான் படம் கீறி வைத்திருந்தான்.

கட்டைக் கொண்டுபோய் ரீச்சரின் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படாமல், கடைசித் தாள்வரைக்கும் பார்த்தார். எதிரே இருந்த கதிரை வெறுமையாக இருந்தது. பின்னேரங்களில் மகள் வந்து காத்திருக்கும் கதிரை அது. பார்த்து முடித்து, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி என்னிடம் தந்தார்.

"இவையளுக்குக் கணக்கு வராது போல கிடக்கு, தம்பி" என்றார். "இஞ்சயே நிக்கட்டும்."